ஆறாவது தட்டில் சொல்லணும்

“நில்லுங்க, நில்லுங்க, யாரும் அசையாதீங்க” என்றார் கார்த்திகேசன், மைக்கில்.

யாரும் அசையவில்லை. அசைய முடியாது என்பதுதான் உண்மை. மண்டபத்து உத்தரத்திலிருந்து தொங்கிய பன்னிரண்டு வண்ணக் கயிறுகளும் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு, நடுவில் புஷ்பாவின் இடது கை, ஒரு கோல், இன்னொரு பெண்ணின் சடை ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டிருந்தன.

“ஊலே, நான் உள்ளே போகணுமா, வெளியே வரணுமா?” என்று புஷ்பா மரியாதையாகக் கேட்டாள். அவள்தான் ஆடும் பெண்களில் மூத்தவள். அந்தப் பெண்களுக்கு மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருமே பர்மியப் பேச்சில் ஊலேதான்.

“இப்ப நீ எங்கம்மா இருக்கே?”

“அதான் தெரியல ஊலே.”

டோலக் வாசிக்கும் தங்கவேலு எழுந்து வந்து முடிச்சைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். பிறகு சடைக்காரப் பெண்ணிடம், “உனக்கு ஏதும் அவசரம் இல்லியேம்மா?” என்று மட்டும் கேட்டார்.

இது பின்னல் கோலாட்டம். இடது கையில் கயிறு, வலது கையில் கோல். ஆறு பேர் வலமாகவும் ஆறு பேர் இடமாகவும் சுற்றி, எதிரே வருகிறவளின் கோலைத் தட்டி, ஒருத்தியை உள்ளே விட்டு அடுத்தவளை வெளியே விட்டுப் போனால், மேலே கயிறு சடை மாதிரி அழகாகப் பின்னிக்கொண்டே இறங்கும். பிறகு அதே வழியில் திரும்பி ஆடினால் முழுதும் பிரிந்துவிடும். எட்டுத் தட்டுக்கு ஓர் அடி. ஓர் அடி முடிகிற இடத்திலேயே அடுத்த அடி கிளம்ப வேண்டும். நின்று யோசிக்க நேரம் கிடையாது. அடுத்து வருவது பின்னலா, திருப்பமா, பிரிப்பா என்று குரல் கொடுப்பது கார்த்திகேசனின் வேலை.

அந்த வேலை அவருக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. விஜயதசமிக்கு இன்னும் ஒன்பது நாள்.

கார்த்திகேசன் தன் வாழ்நாளில் கோல் பிடித்தவர் இல்லை. கியாக்தானுக்கும் ரங்கூனுக்கும் ஓடிய பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். முதலாளி பஸ்ஸை விற்றதும், ஆறு மாதத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ரங்கூனில் பசுந்தாங் பகுதிக்குக் குடிவந்து, பபேடான் கடைத்தெருவில் ஒரு பருப்பு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். மகள் ரூபா அங்கேயே பக்கத்துத் தெருவில் கைபேசிக் கடையில் சேர்ந்தாள். அதே கடையில் சுந்தர் என்று ஒரு பையன். நல்ல பையன். ரூபாவுக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. அவனுடைய அப்பாதான் பசுந்தாங் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுத்துரை.

“விஜயதசமி முடிஞ்ச மறுநாள் அவங்க வீட்ல மாண்டலேக்குப் போறாங்களாம்மா. வேற பொண்ணு பாக்க” என்று ரூபா தன் அம்மா ஜெயம்மாவிடம் சொல்லி அழுதாள். “அவரு அவங்க அப்பா முன்னாடி வாயே திறக்க மாட்டாரு. நம்ம அப்பா ஒரு வார்த்தை போட்டு வெச்சா, அப்புறம் நான் பாத்துக்கறேங்கறாரு.”

ஜெயம்மா அன்றைக்கே கணவரைக் கிளப்பினாள். “ஏங்க, சாயங்காலம் ஆனா அவரு மண்டபத்துலதான் இருப்பாராம். கோலாட்டம் ஒத்திகை நடக்குதாம். போயி ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துருங்க. பெரிசா ஒன்னும் பேச வேணாம். எங்க வீட்லயும் ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னாப் போதும்.”

போனார். பெண்ணைப் பெற்றவன் முறையில்லாமல் தானே போய் எப்படி ஆரம்பிப்பது என்று தூணோரமாக நின்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் ஒத்திகை முடிந்துவிட்டது. பொன்னுத்துரை அவரைப் பார்த்துச் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் அதே தூண், அதே சிரிப்பு. இப்படி நாலு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் பொன்னுத்துரையே தூணுக்கு வந்து தோளில் கைபோட்டார்.

“கார்த்திகேசன், தினமும் வர்றீங்க. நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க மனசுல இருக்கறது எனக்குப் புரியுது.”

கார்த்திகேசன் தூணைவிட்டு முன்னால் வந்தார். “புரியுதுங்களா ஐயா?”

“நீங்க வாயைத் திறந்து கேக்கணும்கிற அவசியமே இல்ல. நாளையிலேருந்து அடி சொல்ற வேலை உங்களோடது. கண்டக்டரா இருந்தவரு, குரல் கணீர்னு இருக்கும். என்ன சொல்றீங்க?”

பர்மாவில் ‘ஆநா’ என்று ஒன்று உண்டு. எதிராளியின் மனசு நோகுமே, முகம் வாடுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சிரிப்பதற்குப் பெயர் ஆநா. தமிழில் தாட்சண்யம் என்போம். ஆனால் தாட்சண்யத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, ஆநாவுக்கு அது கிடையாது. மூன்று தலைமுறையாக அந்தத் தண்ணீரைக் குடித்த கார்த்திகேசன், சம்பந்தி ஆகப்போகிறவரிடம் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரா?

“ரொம்ப சந்தோஷம் ஐயா” என்றார்.

அப்படித்தான் மைக் கைக்கு வந்தது. இனி ஆட்டம் கெட்டால் கல்யாணமும் கெட்டது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோயில் காரியத்தைக் குட்டிச்சுவர் ஆக்கியவன் வீட்டில் எந்தத் தலைவர் பெண் எடுப்பார்?

முதல் மூன்று நாள் முடிச்சுக்குக் காரணம் அவருடைய பழைய தொழில். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி “பாலா?” என்று கேட்பார். இறங்குகிற ஆள் இருந்தால் “பாதே” என்று பதில் வரும். பதில் வந்தால்தான் வண்டி நிற்கும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் மூன்று நாளில் போகுமா?

“திருப்பம், பாலா?” என்பார் கார்த்திகேசன், தன்னை அறியாமல்.

பன்னிரண்டு பெண்களும் மரியாதைக்குக் குறைவில்லாமல், “பாதே, ஊலே” என்று பதில் சொல்வார்கள். அதற்குள் இரண்டு தட்டு போயிருக்கும். பிறகு திரும்புவார்கள். கயிறு முடிச்சு விழும்.

தங்கவேலு அவரைத் தனியாக அழைத்துப் போனார். “அண்ணே, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எட்டாவது தட்டுல சொன்னா வேலைக்காவாது. ஆறாவதுல சொல்லணும். காதுல விழுந்து, மண்டைக்குப் போயி, காலுக்கு எறங்கி வர்றதுக்கு ரெண்டு தட்டு வேணும்ல?”

அன்று வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பயிற்சி. ஜெயம்மா கரண்டியால் தட்டில் எட்டுத் தட்டுத் தட்ட, ஆறாவதில் கார்த்திகேசன் “திருப்பம்” என்று கத்தினார். ரசம் ஊற்ற வந்த ரூபா திரும்பிப் போய்விட்டாள்.

ஆறாவதில் சொல்ல வேண்டும், தவறவே கூடாது என்கிற பயத்தில் மறுநாள் அவர் நாலாவதிலேயே சொல்லிவிட்டார். பெண்களும் நாலாவதிலேயே திரும்பினார்கள். பாதி அடியில் திரும்பியதால் தட்ட வேண்டிய கோல் எதிரே இல்லை. புஷ்பா காற்றைத் தட்டினாள். காற்றுக்கு அந்தப் பக்கம் தங்கவேலுவின் டோலக் இருந்தது.

“அவன் நாலுலேயே சொன்னா நாலுலேயே திரும்புவீங்களாடி?” என்று மண்டபத்து வாசலில் மாலை விற்கிற மீனம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“ஊலே சொல்றபடிதான் ஆடணும்” என்றாள் புஷ்பா, தரையைப் பார்த்தபடி.

கார்த்திகேசன் அடுத்த கோளாறைத் தானே கண்டுபிடித்தார். இந்தப் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் அம்மா பர்மியப் பெண்; பேச்செல்லாம் பர்மியம்தான். தமிழில் சொன்னால் புரிந்துகொள்ள நேரம் ஆகிறது, அதுதான் தாமதம் என்று முடிவு கட்டி, ஒவ்வோர் அடியையும் தமிழில் ஒரு முறை, பர்மியத்தில் ஒரு முறை சொன்னார்.

பெண்கள் தமிழுக்கு ஒரு முறை திரும்பினார்கள். பர்மியத்துக்கு இன்னொரு முறை திரும்பினார்கள். புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்று, அடுத்து என்ன என்று அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“ரெண்டு தடவை எதுக்கும்மா திரும்பினீங்க?”

“நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க ஊலே.”

கார்த்திகேசன் மைக்கைக் கீழே வைத்தார். பேச்சே வேண்டாம், சத்தம் போதும் என்று நினைத்தார். பஸ்ஸில் தகரத்தை ஒரு முறை தட்டினால் நில், இரண்டு முறை தட்டினால் போ. அந்த முறைப்படி மண்டபத்து இரும்புக் கதவில் ஒரு தட்டு என்றால் உள்ளே, இரண்டு தட்டு என்றால் வெளியே என்று ஏற்பாடு செய்தார். ஆனால் கோலாட்டமே தட்டுக் கணக்கில் ஓடுகிற ஆட்டம். அவர் கதவில் தட்டிய தட்டையும் பெண்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு பத்தாயிற்று, பத்து பதின்மூன்றாயிற்று. தங்கவேலு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேல் மாடியில் குடியிருக்கும் பர்மியக் கிழவர் இறங்கி வந்து, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், யாருமே திறக்கவில்லையே என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் மூன்று நாள். ஜெயம்மா தீர்மானமாகச் சொன்னாள்.

“ஏங்க, நேரே போயி என்னால முடியலைன்னு சொல்லிருங்க. ஆட்டம் கெட்டு ஊரே சிரிச்சதுக்கப்புறம் நம்ம பொண்ணை எப்படிங்க பேசறது? கௌரவமா விலகிட்டா அவருக்கும் உங்க மேல மரியாதை இருக்கும். அப்படியே ரூபா விஷயத்தையும் போட்டுருங்க.”

கார்த்திகேசன் வழி முழுதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பொன்னுத்துரை தன் பட்டறை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து இவருக்கும் ஒரு கோப்பை சொன்னார்.

“ஐயா, அடி சொல்ற விஷயமா ஒன்னு பேசணும்” என்று ஆரம்பித்தார் கார்த்திகேசன்.

“பேசுங்க, பேசுங்க. நானே நெனச்சேன். உங்களுக்கு இருக்கற ஆர்வத்துக்கு இந்த வேலை பத்தாதுன்னு. உங்க கியாக்தான் பக்கத்து அடி ஏதாச்சும் இருந்தா அதையும் சேத்துக்கலாமே?”

கார்த்திகேசன் அவர் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு நல்ல மனிதர், அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார். ‘என்னால முடியல’ என்கிற வார்த்தை தொண்டைவரை வந்து, தேநீரோடு உள்ளே இறங்கிவிட்டது.

“இருக்குதுங்க” என்றார். “கியாக்தான் சுத்துன்னு ஒன்னு இருக்கு.”

அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஜெயம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “விலகிட்டு வாங்கன்னா வேலையை ரெட்டிப்பு பண்ணிக்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள். ரூபா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தம் கார்த்திகேசனுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் கோழைத்தனத்துக்கு மகளல்லவா பலியாகிறாள் என்று அன்று அவர் உண்மையாகவே கலங்கினார்.

கியாக்தான் சுற்றில் ஒருத்தி விட்டு ஒருத்தி இடம் மாறிக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போக வேண்டும் என்று அவர் சொல்லிவைத்தார். அந்த இரண்டு நாளில் விழுந்த முடிச்சுகள் அதற்கு முன் யாரும் பார்த்திராதவை. ஒன்றை அவிழ்க்கவே முடியாமல் அறுக்க வேண்டியதாயிற்று. கத்திக் கத்தி, கடைசி ஒத்திகையில் கார்த்திகேசனின் கணீர்க் குரலும் கட்டிக்கொண்டது. மைக்கை உதட்டில் ஒட்டவைத்தால் மட்டும் ஏதோ காற்று மாதிரி வந்தது.

விஜயதசமி அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. பொன்னுத்துரை குடும்பம் முதல் வரிசையில். ஜெயம்மாவும் ரூபாவும் மூன்றாவது வரிசையில், சாமி கும்பிடுகிற முகத்தோடு. பன்னிரண்டு பெண்களும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். தங்கவேலு டோலக்கில் முதல் எட்டை வாசித்தார். கார்த்திகேசன் ஒவ்வொரு தட்டாக எண்ணி, ஆறாவதில், சரியாக ஆறாவதில், வாயைத் திறந்தார்.

கரண்ட் போயிற்று.

ரங்கூனில் கரண்ட் போவது செய்தியே இல்லை, வருவதுதான் செய்தி. கூட்டம் பழக்கப்பட்ட கூட்டம். எல்லோரும் கைபேசி விளக்கைப் போட்டு மேடைப் பக்கம் திருப்பினார்கள். யாரோ ஜெனரேட்டரை இழுத்துப் பார்த்தார்கள். அது இருமிவிட்டு அடங்கியது. டோலக்குக்குக் கரண்ட் வேண்டாம், தங்கவேலு நிறுத்தவில்லை. கார்த்திகேசன் செத்த மைக்கில் “பின்னல்” என்றார். அவருக்கே கேட்கவில்லை. புஷ்பா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் வாயசைவது தெரிந்தது, குரல் இல்லை. அவள் மற்றப் பெண்களைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பிறகு நடந்ததை அம்மன் கருணை என்றுதான் கார்த்திகேசன் நினைத்தார். ஆறு பேர் வலமாக, ஆறு பேர் இடமாக, ஓர் அடி முடிந்த இடத்தில் அடுத்த அடி தண்ணீர் மாதிரி கிளம்பியது. கோலோடு கோல் ஒரே சத்தமாக விழுந்தது. மேலே பன்னிரண்டு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காகப் பின்னி இறங்கின. பாதியில் டோலக் துரிதமாயிற்று. பெண்களும் துரிதமானார்கள், சிரித்துக்கொண்டே ஆடினார்கள். அவர்கள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. பழக்க தோஷத்தில் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவர் ‘திருப்பம்’ என்று அசைக்கும்போது அவர்கள் ஏற்கெனவே திரும்பியிருந்தார்கள். கடைசியில் பின்னல் முழுதும் பிரிந்து, பன்னிரண்டு கயிறும் நேராகத் தொங்கின. ஒரு முடிச்சு இல்லை.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கார்த்திகேசன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். உடம்பில் பன்னிரண்டு நாளாக ஏறியிருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்தது போல இருந்தது. தூரத்தில் ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

பொன்னுத்துரை நேரே அவரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “பிரமாதம் கார்த்திகேசன். அதிலும் அந்தக் கியாக்தான் சுத்து இருக்கே, அதுக்கு ஈடே கிடையாது.”

கியாக்தான் சுற்றை அன்று யாரும் ஆடவே இல்லை. கார்த்திகேசன் அதைச் சொல்லவில்லை. வராத குரலில், “எல்லாம் உங்க ஆசீர்வாதம்” என்றார்.

“இன்னொரு விஷயம்” என்று பொன்னுத்துரை குரலைத் தாழ்த்தினார். “சுந்தரு அவன் அம்மாகிட்ட உங்க பொண்ணு பேரைச் சொல்லியிருக்கான். எங்க ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம். மாண்டலேப் பயணத்தை அப்பவே நிறுத்திட்டோம். நாளைக்கு முறைப்படி உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரலாமா?”

“வாங்க ஐயா, தாராளமா வாங்க. எப்பங்க சொன்னாரு தம்பி?”

“ஒரு வாரம் ஆச்சு. உடனே உங்ககிட்ட வந்திருப்பேன். நீங்க ஆட்டத்துலயே மூழ்கிக் கிடந்தீங்க, இந்த நேரத்துல தொந்தரவு பண்ண மனசு வரல. முறைப்படி கேக்கறவரைக்கும் பொண்ணுகிட்டயும் மூச்சு விடாதேன்னு சுந்தருகிட்ட சொல்லி வெச்சேன்.”

ஒரு வாரம். அந்த வாரத்தில் தின்ற சோறு எதுவும் உடம்பில் ஒட்டவில்லை என்பதைக் கார்த்திகேசன் நினைத்துப் பார்த்தார். கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சுத்தான் வந்தது. ஜெயம்மாவிடம் கையால் ஜாடை காட்டினார். அவள் அங்கேயே ரூபாவைக் கட்டிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபின், டோலக்கின் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்த தங்கவேலுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“தங்கவேலு, எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. அடுத்த வருஷம் சம்பந்தியே சொன்னாலும் என்னால ஆகாது. போன வருஷம் அடி சொன்னவரையே கூப்பிட்டுக்கங்க. அவரு இப்ப எங்க இருக்காரு?”

தங்கவேலு டோலக்கைக் கீழே வைத்தார்.

“இந்த ஆட்டத்துக்கு அடி சொல்ற ஆளே எந்த வருஷமும் கிடையாதுண்ணே; நீங்க தினமும் தூணோரமா ஏக்கமா நிக்கறதைப் பாத்து மனசு கேக்காமத்தான் தலைவரு உங்களுக்காக அப்படி ஒரு வேலையை உண்டாக்கி, நீங்க எப்ப என்ன சொன்னாலும் அப்படியே ஆடிருங்கன்னு பொண்ணுங்ககிட்டயும் சொல்லி வெச்சாரு.”